கடைசி வரி வரைக்கும் படித்தவள்

ஊரில் பாதிப் பேருடைய மூக்கு கண்ணாடிக்காரருக்குத் தெரியும். பெயர் தெரியாது. யாராவது கடைப்படி ஏறினால் முகத்தைப் பார்க்காமல் மூக்குத்தண்டைப் பார்த்து, "வாங்க, இடது பக்கம் மறுபடி இறங்கிடுச்சா?" என்பார். வந்தவருக்கு, நம்மை ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று ஒரு சந்தோஷம். ஞாபகம் இருந்தது மூக்கு மட்டும்தான் என்பதை அவர் விளக்கிக்கொண்டிருப்பதில்லை.

கடை ஒரு ரயில் பெட்டி மாதிரி. அகலம் இரண்டு கையை விரித்தால் முடிந்துவிடும். நீளம் மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஜன்னல் கிடையாது. இரண்டு பக்கச் சுவரிலும், ஃப்ரேம் போட்டுப் பார்க்கிறவர்களுக்காக முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருந்தது. ஆகவே ஆளே வராத மத்தியானங்களில்கூட ஏழெட்டுக் கண்ணாடிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, வேலையில்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இத்தனை பேர் இருந்தும் ஒரு பேச்சு கிடையாது.

கடைக்கோடியில் சாணைக்கல். லென்ஸைக் கிளிப்பில் பிடித்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற கல்லில் வைத்தால் அது ஒரே சுருதியில் சீறும். விளிம்பு ஃப்ரேமின் பள்ளத்துக்குப் பொருந்துகிற அளவுக்கு வந்ததும் சத்தம் லேசாகத் தழையும். அப்போது எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் ஃப்ரேமாக இருந்தால் சூடான மணலில் கொஞ்ச நேரம் புதைத்து இளக்கி, லென்ஸைக் கட்டைவிரலால் அமுக்கி உட்கார வைக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் விரல் இடுக்கெல்லாம் வெள்ளைச் சேறு காய்ந்து வெடித்திருக்கும். சாப்பிடும் ரொட்டியிலும் அந்த வாசனைதான்.

சாணைக்கல்லுக்கு மேலே சுவரில் எழுத்து அட்டை. உச்சியில் தலையணை மாதிரி ஒரு 'ட'. அடுத்த வரியில் 'ப', 'ம'. கீழே போகப்போக எழுத்து சிறுத்து, கடைசி வரியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆறு எழுத்து. அட்டைக்கு எதிர்க்கோடியில், வாசலை ஒட்டி, ஒரு ஸ்டூல். பவர் பார்க்க வருகிறவர்கள் அதில் உட்கார்வார்கள். யாரும் வராதபோது, அதாவது பெரும்பாலும், அதில் அவருடைய மகள் உட்கார்ந்திருப்பாள்.

மகளுக்குப் பள்ளியில் ஒரு பெயர் உண்டு. வீட்டில் மிளகு. பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள், தொட்டால் அவ்வளவு கத்தினாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்துவிடுவாள். அவித்த முட்டை, ரொட்டி, முட்டியின் மேல் வீட்டுப்பாடம். பிறகு அம்மா கூப்பிடுவாள்.

அம்மா வேறொரு நாட்டில், ஒரு பெரிய வீட்டில், படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஓர் அம்மாளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தாள். அந்த அம்மாள் கண்ணயர்கிற நேரம்தான் இவளுக்கு ஓய்வு. அங்கே அது மத்தியானம். இங்கே வெயில் மஞ்சளாகி, தெருவில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் கத்துகிற நேரம். அந்த அம்மாள் எழுந்துவிடக் கூடாது என்று, துணி அடுக்குகிற இருட்டு அறையில் உட்கார்ந்து குசுகுசுவென்றுதான் பேசுவாள். மிளகு போனை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வாள்.

"என்னடி சாப்பிட்ட?"

"முட்டை."

"எத்தனை நாளைக்குத்தான் முட்டை. உங்கப்பாவுக்கு வேற எதுவும் தெரியாதா?"

"ரொட்டி தெரியும்."

"கொஞ்சம் தள்ளிப் பிடி. உன் மூக்கு மட்டும்தான் தெரியுது."

"தள்ளிப் பிடிச்சா நீ கலங்கிடுறம்மா."

"நெட்வொர்க் சரியில்லடி."

"ஆமா, ரொம்ப மோசம்," என்பார் சாணைக்கல்லிலிருந்து கண்ணாடிக்காரர். மூன்று பேரும் சேர்ந்து நெட்வொர்க்கைத் திட்டுவார்கள். குடும்பமாகச் சேர்ந்து செய்கிற காரியம் அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் வரச் சொன்னார்.

டீச்சர் மூக்கில் இருந்தது கண்ணாடிக்காரர் போட்டுக் கொடுத்த கண்ணாடி. வலது பக்கம் இறங்கியிருந்தது. பேசி முடிக்கிற வரைக்கும் அது வேறு அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

"உக்காருங்க சார். சுத்தி வளைக்காம சொல்லிடறேன். இந்த வருஷம் உங்க பொண்ணு மேல் வகுப்புக்குப் போறது கஷ்டம்."

"ஏன் டீச்சர், சேட்டை பண்றாளா?"

"பண்ணினாத்தான் தேவலையே. பொம்மை மாதிரி உக்காந்திருக்கா. பலகையில நான் ஒண்ணு எழுதினா, அவ நோட்டுல இன்னொண்ணு எழுதறா. கேட்டா தலைவலிங்கறா. வீட்ல தூங்கறாளா?"

"தூங்குவா. கொஞ்சம் புரளுவா."

"ஆனா ஒண்ணு சார். அதான் எனக்குப் புரியல." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "மழைக்கு எங்க வகுப்புல கூரைப் பூச்சு விழுந்துச்சில்ல? சரி பண்ற வரைக்கும் பின்னாடி மரத்தடியிலதான் பாடம். பலகையும் இல்ல, பெஞ்சும் இல்ல. கணக்கெல்லாம் வாயாலதான். மொதல் கை யாரு கைங்கறீங்க? இவ கை. குச்சியப் பொறுக்கி வெச்சு வகுத்தல் போட்டுக் காட்டறா. தலைவலின்னு ஒரு பேச்சு கிடையாது. இவ மட்டுமில்ல, மத்ததுங்களும் அடிச்சுக்காம இருந்துச்சுங்க. எனக்கே தொண்டை கட்டல. பூச்சு முடிஞ்சு உள்ள வந்தோம். விளக்கை ஊதி அணைச்ச மாதிரி மறுபடி அணைஞ்சுட்டா."

கண்ணாடிக்காரர் கொஞ்சம் யோசித்தார். "கூரை மறுபடி விழ வாய்ப்பு இருக்கா டீச்சர்?"

"நல்லா பூசியிருக்காங்க சார்," என்றார் டீச்சர், அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு. "கண்ணைக் காட்டினீங்களா?"

கேள்வி அவருக்குச் சுருக்கென்றது. சமையல்காரனிடம் போய், வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்பதுபோல.

"நான் கண்ணாடிக்கடை வெச்சிருக்கேன் டீச்சர்."

"தெரியும் சார். போட்டுட்டுதான் உக்காந்திருக்கேன்."

"மாசம் தவறாம நானே பாக்கறேன். கடைசி வரி வரைக்கும் படிக்கிறா."

"அப்படின்னா கோளாறு கண்ணுல இல்ல, வேற எங்கியோ இருக்குன்னு ஆகுது. அதை நான் சொல்றதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க. என் திருப்திக்கு."

அன்று சாயங்காலமே கடையில் மகளை ஸ்டூலில் உட்கார வைத்தார். பக்கத்தில் சாவி வெட்டுகிற கடை. அந்தச் சாவிக்காரருக்கு வேலை இல்லாவிட்டால் இங்கே வந்து கதவில் சாய்ந்துகொள்வார். வேலை இருந்தாலும் வந்து சாய்ந்துகொள்வார்.

"மேலேயிருந்து படி."

மிளகு படித்தாள். படித்தாள் என்பது குறைச்சல்; எக்ஸ்பிரஸ் வண்டி சின்ன ஸ்டேஷனைத் தாண்டுகிற மாதிரி ஒவ்வொரு வரியையும் தாண்டிப் போனாள். வலது கண்ணைப் பொத்திச் சொன்னாள். இடது கண்ணைப் பொத்திச் சொன்னாள்.

"கழுகுண்ணே இவ," என்றார் சாவிக்காரர். "பூட்டு ஓட்டையே எனக்கு இப்ப சரியா தெரியமாட்டேங்குது. பாப்பா, பேசாம என் கடைக்கு வந்துடு."

"கடைசி வரியப் பின்னாலேருந்தும் சொல்லவா மாமா?" என்று கேட்டு, சொல்லியும் காட்டினாள்.

அந்த இடத்தில் கண்ணாடிக்காரர் நின்று யோசித்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் பவர் பார்க்கிற மனுஷன். ஆனால் அப்பா என்கிற உத்தியோகம் குறுக்கே வந்துவிட்டது. யோசிப்பதற்குப் பதில் பெருமைப்பட்டார்.

டீச்சரின் திருப்திக்காகத்தான் கண் டாக்டரிடம் போனார். இருட்டு அறை, கோடியில் வெளிச்சம் போட்ட பலகை. டாக்டருக்கு இளவயது. கொட்டாவியை மென்றுகொண்டே, "தெரியறத மேலேயிருந்து சொல்லும்மா," என்றார்.

மிளகு முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "ட."

டாக்டர் கொட்டாவியை நிறுத்தினார்.

"ப, ம. ர, க, ய..."

"அப்பா யாரு, நீங்களா? அந்தப் பலகையக் கொஞ்சம் படிங்க சார்."

கண்ணாடிக்காரர் பார்த்தார். "எட்டு," என்றார்.

"அடுத்த வரி?"

"மூணு. அஞ்சு."

"நல்லது. எனக்கும் அப்படித்தான் தெரியுது," என்றார் டாக்டர்.

மிளகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், இவர்கள் ஏன் குறுக்கே பேசுகிறார்கள் என்பது அவள் முகத்தில் இருந்தது.

"ஏம்மா இப்படிச் சொன்ன?" என்றார் கண்ணாடிக்காரர்.

"நம்ம கடையில இதான சொல்லணும்? நீங்க சரின்னு சொல்வீங்களே."

"இங்க இருக்கிறதப் பாத்துச் சொல்லணும்டா."

"பரீட்சைன்னா மனப்பாடம் பண்ணிச் சொல்றதுதானப்பா," என்றாள் மிளகு. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் கற்றது வீண் போகவில்லை.

டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, லென்ஸ் மாற்றி மாற்றிப் பார்த்தார். கிட்டப்பார்வை; தூரத்தில் இருப்பதெல்லாம் கலங்கல். பவர் எண்ணைச் சொன்னபோது கண்ணாடிக்காரருக்கு அந்த லென்ஸின் தடிமன் விரலில் தெரிந்தது. எத்தனையோ பிள்ளைகளுக்கு அதைத் தேய்த்துக் கொடுத்திருக்கிறார்.

"கண்ணாடி நீங்களே போட்டுடுவீங்க. அதோட முடியல சார். வளர்ற கண்ணு. கிட்டயே பாத்துட்டு, வீட்டுக்குள்ளயே இருந்தா ஏறிட்டே போகும். வெளிச்சம் வேணும். ட்யூப்லைட் வெளிச்சம் இல்ல, வானத்து வெளிச்சம். பொழுது இருக்கறப்பவே தினமும் ஒரு மணி நேரமாவது மரம் மட்டை இருக்கற எடத்துல விடுங்க. ஏறினது இறங்காது. ஏறுற வேகம் குறையலாம்."

"தலைவலி? படிப்பு?"

"பாதி கண்ணாடியில போயிடும். மீதிக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஓடியாடற பிள்ளை நல்லா தூங்கும். நல்லா தூங்கற பிள்ளைக்குக் காலைல சொல்றது மண்டைல ஏறும். இதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல."

"சரி டாக்டர். அங்க போய் எதைப் பாக்கணும்?"

"எங்க?"

"மரத்துல."

டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எதையும் பாக்க வேணாம் சார். விளையாடட்டும்."

கண்ணாடிக்காரர் தலையாட்டினார். புரியவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது தூறிக்கொண்டிருந்தது. மருந்து விட்ட கண் கூசுகிறது என்று மிளகு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, அந்த 'ட' இருக்குல்ல, அது வரிசையில வேற யாருமே இல்ல. தனியா நிக்குது. கூட யாரும் இல்லாததாலதான் எல்லாத்தையும் தானே தின்னு குண்டாயிடுச்சு."

"ஓ."

"கடைசி வரில ஆறு பேரு. எல்லாம் பொடிசுங்க. அதுல ரெண்டு மட்டும் சேராது."

"எழுத்தோடயா விளையாடுவ?"

"கடையில வேற யாரு இருக்கா?"

நான் இருக்கேனே என்று சொல்ல வாயெடுத்தார். தூறல் பலமாகிவிட்டது; நடையை எட்டிப் போட்டார்.

மகளுக்கான லென்ஸை வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு காலையில் தேய்த்தார். கல் சீறிக்கொண்டேயிருந்தது. சத்தம் தழைந்த பிறகும் ஒரு நொடி கூடுதலாக வைத்துவிட்டு, ஓரம் போய், அதை எறிந்துவிட்டு மறுபடி தேய்த்தார். இவ்வளவு வருஷத்தில் அவர் கெடுத்த லென்ஸ்கள் மிகக் குறைவு. சாயங்காலம் மிளகை ஸ்டூலில் உட்கார வைத்து, கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் சரிபார்த்து, தன் இடத்துக்குத் திரும்பிப் போய் அட்டைக்குக் கீழே உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கு?"

"எழுத்தெல்லாம் இவ்ளோ கறுப்பா?" என்றாள். பிறகு அட்டையிலிருந்து கண் கீழே இறங்கியது. அவர் முகத்தில் நின்றது. "அப்பா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான இருக்கேன். ஏன்?"

"முகம் எப்படியோ இருக்கு."

"எப்பவும் இருக்கிற முகம்தான்டா."

"இல்ல." அவள் அதை நிதானமாகச் சொன்னாள். "நீங்க அங்க உக்காந்து எப்பவும் சிரிச்சிட்டு இருக்கீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்."

கண்ணாடிக்காரர் பக்கவாட்டில் பார்த்தார். சுவரில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

மறுநாள் மனைவி கூப்பிட்டபோது எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப அது நெட்வொர்க் இல்லியா," என்றாள்.

"இல்ல."

"நான் கலங்கலா தெரியறேன்னு அவ எத்தனை நாளா சொல்லிட்டிருந்தா."

"எனக்கும்தான் தோணல. பொழுதோட அவள வெளிய விடணுமாம், மரத்தடியில."

"விடுங்க. அதுக்கென்ன?"

"பள்ளிக்கூடம் விட்டு இருட்டுறதுக்குள்ள ஒரு மணி நேரம்தான் கெடைக்குது." அவர் விரலில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினார். "அது இந்த நேரம்."

"காலைல?"

"எழுந்து, கிளம்பி, பஸ் பிடிக்கவே சரியா இருக்கு."

"அந்த அம்மா தூங்கற நேரத்தை நான் மாத்த முடியுமா? ராவெல்லாம் முழிச்சிருக்கறவங்க. எனக்கு வேற நேரம் குடுக்க மாட்டாங்க."

"தெரியும்."

"அப்ப என் நேரத்தைத்தான் எடுத்து மரத்துக்குக் குடுக்கப் போறீங்க."

"மரம் ஒண்ணும் கேக்கல. டாக்டர் கேட்டாரு."

"நல்லாப் பேசுவீங்க. இத்தனை வருஷம் பேசாம இருந்துட்டு இதுக்கு மட்டும் நல்லா பேச வருது. நீங்க அவ பக்கத்துல இருக்கீங்க. மரமும் பக்கத்துல இருக்கு. எனக்கு இந்த இத்தணூண்டு போன் கண்ணாடிதான் இருக்கு."

இவ்வளவையும் குசுகுசுவென்றே சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து அறையில் அந்த அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார். குரல் உயர்த்தாமல் சண்டை போட்டால் பாதி சண்டை உள்ளேயே தங்கிவிடும். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஊருக்குப் பின்னால் பழைய ரயில் பாதை ஒன்று இருந்தது. தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ரயில் வராதென்று தெரிந்துகொண்டு இரண்டு பக்கமும் மரங்கள் உள்ளே வந்துவிட்டன. நீளமான, ஒடுக்கமான இடம். அவர் கடைக்குக் கூரையைக் கழற்றிவிட்டு மரம் நட்ட மாதிரி.

முதல் நாள் ஷட்டரை இறக்கும்போது சாவிக்காரர் ஓடிவந்தார். "என்னண்ணே, வெளிச்சம் இருக்கும்போதே சாத்தறீங்க? யாராவது போயிட்டாங்களா?"

"யாரும் போகல. மரத்தடிக்குப் போறோம்."

"அங்க என்ன?"

"மருந்து."

"கையில என்னண்ணே சுருட்டி வெச்சிருக்கீங்க?"

சுருட்டி வைத்திருந்தது எழுத்து அட்டை. டாக்டர் சொன்னதில் அவருக்கு விளங்காத பகுதியை அவரே பூர்த்தி செய்திருந்தார். சும்மா மரத்தடியில் விட்டால் கண் என்ன செய்யும்? அதற்கு ஒரு வேலை வேண்டாமா? ஒரு மரத்தில் அட்டையைக் கட்டி, நடந்து தூரம் பார்த்து, மகளை நிற்க வைத்தார்.

"படி."

"அப்பா, இது எனக்கு மனப்பாடம்."

"மனப்பாடம் பண்ணாம படி."

மிளகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "ட," என்றாள். அந்தப் பக்கம் நடந்துபோன ஒரு பெரியவர் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மிளகுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். அவருக்கும் பார்த்து அனுப்பினார்கள். கண்புரை இருந்தது.

இப்படியே ஓரிரு நாள். மூன்றாவது தடவையோ என்னவோ, பெரிய காற்றடித்தது. அட்டை கயிற்றை அறுத்துக்கொண்டு எழும்பி, மரங்களுக்கு நடுவே ஒரு கிழட்டுப் பறவை மாதிரி தடுமாறித் தடுமாறிப் பறந்தது. மிளகு அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள். புதர், பள்ளம், பழைய கட்டை எல்லாம் தாண்டி ஓடினாள். நெடுநேரம் கழித்து, கண்ணாடியில் சேறும் முட்டியில் சிராய்ப்புமாகத் திரும்பி வந்தாள். கையில் அட்டை இல்லை.

"அட்டை எங்கம்மா?"

"அங்க பிள்ளைங்க தண்ணியத் தடுத்து அணை கட்டுதுங்கப்பா. ஓட்டை விழுந்துடுச்சு. அட்டையை வெச்சு அடைச்சிருக்கோம். கேட்டா குடுத்துடுவாங்க. கேக்கட்டுமா?"

கண்ணாடிக்காரர் தன் தொழிலின் மூல உபகரணம் ஓர் அணைக்கட்டில் இருப்பதை நினைத்துப் பார்த்தார். "வேணாம்," என்றார். "நல்லா அடைச்சிருக்கா?"

"கொஞ்சம் கசியுது," என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவருக்கு அங்கே வேலை இல்லை. தண்டவாளத்தோடு எடுக்காமல் விட்டிருந்த ஒரு பழைய கட்டையில் உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகளின் சத்தம் மரங்களுக்குப் பின்னால் கேட்கும்; எது தன் பிள்ளை என்று பிரிக்க முடியாது. பாக்கெட்டில் போன் இருக்கும். அடிக்காது. மனைவி முதலில் கோபத்தில் கூப்பிடாமல் இருந்தாள். பிறகு, கூப்பிட்டால் பிள்ளை எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாளே என்று கூப்பிடாமல் இருந்தாள். இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான். விடியற்காலையில் எப்போதோ குரலைப் பதிந்து அனுப்பியிருப்பாள். மிளகு அதைத் தூங்கப் போகும் முன் தலையணைப் பக்கத்தில் வைத்துக் கேட்பாள். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. கேட்டு முடிக்கிறதற்குள் தூங்கியும் விடுவாள். புரள்வதில்லை.

மரம் கணக்குச் சொல்லித் தந்துவிடவில்லை. ஆனால் அணையில் மேலே எத்தனை கல், கீழே எத்தனை கல் என்ற தகராறில் அவளுக்குக் கணக்கு தேவைப்பட்டது. பெரிய பையன்களிடம் தோற்கக் கூடாதென்று வாய்ப்பாடு வந்தது. தலைவலிக்கிறது என்பதைச் சொல்ல மறந்துபோனாள். ரொட்டி தின்கிற வேகத்தைப் பார்த்து அவருக்கே பயமாக இருந்தது. ஒருநாள் டீச்சர் கடைக்கே வந்து, "பாஸாயிடுவா சார். பிரமாதமா இல்ல. ஆனா முழிச்சிட்டு உக்காந்திருக்கா," என்றார். கண்ணாடிக்காரர் டீச்சர் மூக்கிலிருந்து கண்ணாடியை வாங்கி, வலது பக்கத்தை நிமிர்த்திக் கொடுத்தார்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சாவிக்காரரிடம் சொன்னால், "அப்ப என் கழுத்து வலிக்கு எந்த மரம்ணே?" என்பார்.

ஒரு சாயங்காலம், மழை விட்டு வெயில் வந்த நேரம், கட்டையில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. இருட்டு அறையில் மனைவியின் முகம்.

"அவளக் கூப்பிடாதீங்க," என்றாள் முதலிலேயே. "எங்க இருக்கான்னு மட்டும் காட்டுங்க. பாத்துட்டு வெச்சுடறேன்."

அவர் போனைத் திருப்பிப் பிடித்தார்.

"ஒரே இலையா இருக்கு."

"நேரா பாரு. வளைஞ்ச மரம் ஒண்ணு இருக்கா? அதுல ரெண்டாவது கிளை. மஞ்சள் சட்டை."

"தெரியலையே. கிட்ட போங்களேன்."

"போனா இறங்கி வந்துடுவா."

"அப்ப வேணாம்."

வாழ்நாள் பூராவும் மற்றவர்களை உட்கார வைத்து, என்ன தெரியுது, என்ன தெரியுது என்று கேட்ட மனுஷன். போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் சொல்றேன், கேளு. ஒரு கால் தொங்குது. செருப்பு இல்ல. கீழே ரெண்டு பசங்க அண்ணாந்து பாத்துட்டு நிக்கிறாங்க. இவ ஏதோ உத்தரவு போடறா, கை நீட்டி. கையில ஒரு குச்சி. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிட்டிருக்கு, அதை முழங்கையால தள்ளி விடறா. துடைக்கவே மாட்டா. இப்ப ஒருத்தன் ஏறப் பாக்கறான். குச்சியால அவன் தலையில..."

"அடிச்சிட்டாளா?"

"தட்டினா. அவன் சிரிக்கிறான். இலையிலேருந்து தண்ணி உதிருது எல்லார் மேலயும். நல்லா நனைஞ்சிருக்கா."

"சளி பிடிக்கும்."

"பிடிக்கல. இந்தத் தடவை மழைக்குப் பிடிக்கவே இல்ல. பாஸாயிடுவான்னு டீச்சர் சொன்னாங்க."

"கண்ணு?"

"நேத்துப் பாத்தேன். வேற அட்டை வாங்கி வந்து, எழுத்தை மாத்தி மாத்திக் கேட்டேன். ஏறல. இன்னும் கொஞ்ச மாசம் போனாதான் உறுதியா சொல்லலாம்."

"ம்." பிறகு, "நீங்க இவ்ளோ பேசுவீங்களா?" என்றாள்.

"எனக்கும் தெரியாது."

"இப்ப என்ன பண்றா?"

அவர் சொன்னார். காற்று வந்தது, அதைச் சொன்னார். வெயில் ஒரு மரத்தை விட்டு இன்னொரு மரத்துக்குப் போனது, அதையும் சொன்னார். அணையில் அட்டை இருக்கிற விஷயத்தைச் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, சத்தமில்லாமல், தோள் குலுங்குவதில் தெரிந்தது. அவரும் சிரித்தார். அந்தப் பக்கம் எங்கோ ஒரு மணி அடித்தது.

"எழுந்துட்டாங்க. போகணும்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் அந்த மரத்தையே காட்டுங்க," என்றாள். முகம் போய்விட்டது. கறுப்புத் திரையில் அவருடைய முகம் மட்டும் இருந்தது.

"அப்பா."

வளைந்த மரத்திலிருந்து குரல் வந்தது. இலைக்கு நடுவே மஞ்சள் சட்டை.

"என்னம்மா?"

"சிரிச்சீங்கல்ல இப்ப?"

அவர் வாயருகே கை குவித்தார். "மனப்பாடமா சொல்றியா, பாத்துச் சொல்றியா?"

"பாத்துத்தான்," என்று கத்தினாள் மிளகு. சொல்லிவிட்டு மேல் கிளைக்கு ஏறத் தொடங்கினாள். ஏறிக்கொண்டே நடுநடுவே திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்தில் யாரும் இல்லை. போன் அணைந்திருந்தது. முகத்தை உடனே மாற்றினால் அங்கிருந்து தெரிந்துவிடும் என்று, வெளிச்சம் போகிற வரைக்கும் கண்ணாடிக்காரர் அதை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.